தாதியர் முகப்பு மேசை: பார்வைக்கு அழகா, நோயாளிக்குப் பாதுகாப்பா?

மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மருத்துவர், மருந்து, கட்டணம், காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பற்றியே நேயர்கள் கேட்பார்கள். வார்டின் நடுவே இருக்கும் தாதியர் முகப்பு மேசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால், உறவினரைப் பார்க்கப் போகும் எவரும் முதலில் கை வைப்பது அந்த மேசையின் மேல்தான். "அம்மா எந்தக் கட்டில், மிஸ்ஸி?" என்று கேட்கும்போதே இரண்டு முழங்கைகளும் அதன் மேல் ஊன்றிவிடும்.

அதே மேசையில்தான் நோயாளியின் கோப்பு, தொலைபேசி, கணினி விசைப்பலகை, மருந்துத் தட்டு, இரத்த மாதிரிக் குப்பி எல்லாம் வந்து சேர்கின்றன. ஒரு நாளில் அதைத் தொடும் கைகளுக்குக் கணக்கில்லை. ஆகவே, அந்த மேசையை எந்தப் பொருளால், எந்த உயரத்தில், எப்படிச் செய்வது என்பது அழகை மட்டும் பார்த்து முடிவு செய்யும் விஷயமல்ல.

மேசைக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு?

மருத்துவமனைக்கு ஒரு நோயோடு போய், அங்கே வேறொரு தொற்றையும் வாங்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த நாடுகளில் சிகிச்சைக்காகச் சேர்க்கப்படும் 100 பேரில் 7 பேருக்கும், நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் 15 பேருக்கும் இப்படித் தொற்று ஏற்படுகிறது. அவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் கைகள்தாம். ஆனால் கை, கிருமியை எங்கிருந்தோ எடுக்க வேண்டுமே! சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. போன்ற பாக்டீரியா, காய்ந்த மேற்பரப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளோஸ்ட்ரிடியம் டிஃபிசிலி கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்கும் அசைவதில்லை. அவற்றை அழிக்கக் குளோரின் கலந்த மருந்து தேவைப்படுகிறது. கோவிட் கிருமி பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் மூன்று நாள் வரை இருக்கக்கூடும் என்று 2020இல் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. அந்நோய் பெரும்பாலும் காற்றின் வழியே பரவுவது என்பது பின்னர் தெளிவானாலும், துடைத்துச் சுத்தம் செய்ய முடியாத மேசை வார்டுக்கு ஆபத்து என்ற பாடம் மாறவில்லை.

இடத்தைத் திருத்தினால் நோய் குறையும் என்பது கிள்ளான் மக்களுக்குப் புதிய செய்தியும் அல்ல. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே மலேரியா காய்ச்சலால் முடங்கியது. அப்போது கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், மருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. சதுப்பு நிலத்தை வடித்து, புதர்களை அழித்து, கொசு வளரும் இடத்தையே இல்லாமல் செய்தார். துறைமுகமும் நகரமும் பிழைத்தன. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கும் அந்த முறை பின்னர் பயன்பட்டது. கொசுவுக்குச் சதுப்பு எப்படியோ, வார்டில் கிருமிக்கு ஈரம் ஊறிய இடுக்கு அப்படி.

எந்தப் பொருள் ஏற்றது?

மலிவானது லாமினேட். மரத்தூள் பலகையின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகட்டை ஒட்டிச் செய்வது. மேற்பரப்பு உறுதியானதுதான், பலவீனம் ஓரத்தில் இருக்கிறது. தினமும் ஈரத்துணியால் துடைக்கும்போது ஓரப்பட்டையின் இணைப்பு வழியே நீர் இறங்கும். உள்ளே இருக்கும் பலகை உப்பும், பட்டை பிரியும். அதன் பிறகு அந்த இடுக்கை எந்த மருந்தாலும் துடைத்துத் தூய்மையாக்க முடியாது. கோப்பு வைக்கும் அலமாரிக்கு இது போதும். நீர்த்தொட்டி அருகில் கூடவே கூடாது.

அடுத்தது கிரானைட். உறுதியானது, வெப்பத்தைத் தாங்கும். ஆனால் நுண்துளைகள் உள்ள இயற்கைக் கல் என்பதால், அதற்குப் பூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கல் துண்டுகளை இணைக்கும் கோடும் வெளியே தெரியும்.

எவர்சில்வர் மருந்து கலக்கும் இடத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் நல்லது. ஆனால், குளோரின் மருந்தைத் துடைத்துவிட்டு நீரால் கழுவாமல் விட்டால் எவர்சில்வரிலும் சிறு சிறு குழிகள் விழும். தவிர, தட்டு வைத்தாலே ஓசை எழும். இரவில் நோயாளிகள் தூங்க வேண்டிய வார்டுக்கு அது பொருந்தாது.

சாலிட் சர்ஃபேஸ் என்பது அக்ரிலிக் பிசினும் அலுமினியம் டிரைஹைட்ரேட் என்னும் தாதுத் தூளும் கலந்த பலகை. 1967இல் அமெரிக்காவின் டுபோண்ட் நிறுவனம் கோரியன் என்ற பெயரில் இதைக் கண்டுபிடித்தது. இதில் நுண்துளை இல்லை. இரண்டு பலகைகளை அதே நிறப் பசையால் ஒட்டித் தேய்த்துவிட்டால் இணைப்புக் கோடு கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். விலை லாமினேட்டைவிட அதிகம் என்பதுதான் குறை. ஆனாலும், சில ஆண்டுகளில் பிடுங்கி எறியப்படும் மேசையின் விலையையும், அதை மாற்றும் நாள்களில் வார்டு படும் பாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எது மலிவு என்பது விளங்கும்.

யாருக்காக இந்த உயரம்?

மேசை ஒன்று என்றாலும் அதைப் பயன்படுத்துபவர் பலர். உட்கார்ந்து எழுதும் தாதிக்கு 720 முதல் 750 மி.மீ. உயரம் வசதி. நின்றுகொண்டு கோப்பைப் பார்க்கும் மருத்துவருக்கும் வருகையாளருக்கும் 1,050 முதல் 1,100 மி.மீ. வேண்டும். அதனால்தான் முகப்பு மேசையை இரண்டு தட்டாகச் செய்கிறார்கள். உயர்ந்த தட்டு, உள்ளே இருக்கும் கணினித் திரையில் நோயாளியின் விவரம் வெளியாருக்குத் தெரியாமல் மறைக்கவும் உதவும். ஆனால், உட்கார்ந்திருக்கும் தாதியின் கண்ணிலிருந்து கட்டில்களையே மறைத்துவிடும் அளவுக்கு அது உயர்ந்துவிடக் கூடாது.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த உயர்ந்த தட்டு ஒரு சுவர்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே, மேசையின் ஒரு பகுதியையாவது 850 மி.மீ.க்கு மேற்படாத உயரத்தில், முழங்கால் நுழையக் கீழே இடம்விட்டு அமைக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், எம்.எஸ். 1184 என்னும் மலேசியத் தர அளவும் இந்த எண்ணத்தின் அடிப்படையில் அமைந்தவையே.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கோணமும் புரியும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இயங்குகிறது. பார்வையற்றோர் பலர் அங்கே வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். நடைபாதையில் அவர்களுக்கு வழிகாட்டும் புடைப்புக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவர்களில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், கூர்மையான மேசை முனைதான் முதலில் இடுப்பில் இடிக்கும். முனையை வளைத்துவிட்டால் அந்த அடி இல்லை. பார்வை மங்கியவருக்கு வெள்ளை மேசையும் வெள்ளைச் சுவரும் ஒன்றாகவே தெரியும்; ஓரத்துக்கு மட்டும் கருநிறப் பட்டை கொடுத்தால் மேசை எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும். முதியோருக்கும் இது உதவும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. வரைபடம் போடும்போதே நினைத்துப் பார்த்தால் போதும்.

பட்டறையில் என்ன நடக்கிறது?

கிள்ளான், மேரு, சுங்கை பூலோ வட்டாரங்களில் கெபினட் செய்யும் சிறு பட்டறைகள் பல உண்டு. வீட்டுச் சமையலறை மேசை செய்து பழகிய கைகளுக்கு மருத்துவமனை மேசையில் சில புதிய பாடங்கள் உண்டு.

முதலாவது, மேசைப் பரப்பு சுவரைத் தொடும் இடம். வீட்டில் அங்கே சிலிகோன் பசை தடவி முடித்துவிடுவார்கள். அது நாளடைவில் கறுத்துப் பூசணம் பிடிக்கும். மருத்துவமனையில் மேசைப் பலகையே வளைந்து மேலேறிப் பின்சுவர்ப் பட்டையாக வேண்டும். விரலால் துணியை ஓட்டினால் எங்கும் தடைபடக் கூடாது.

இரண்டாவது, உள்மூலை. 'ட' வடிவ மேசையின் உள்மூலையைச் செங்குத்தாக வெட்டினால், பலகைக்குள் உள்ள இழுவிசை அந்தப் புள்ளியில் குவிந்து விரிசல் அங்கிருந்தே தொடங்கும். மூலையை வளைத்து வெட்டித் தேய்க்க வேண்டும்; இணைப்பை மூலையிலேயே வைக்காமல் தள்ளி வைக்க வேண்டும்.

மூன்றாவது, நம் நாட்டு வெப்பம். குளிர்சாதனம் 22 பாகையில் ஓடும் வார்டில், அது நின்றுபோனால் வெப்பம் 10 பாகை ஏறிவிடும். 3.6 மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் பலகை அப்போது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். இரு பக்கமும் சுவரோடு இறுக்கிப் பொருத்தியிருந்தால் நீள இடமில்லாமல் இணைப்பு விட்டுப்போகும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சுவரோரம் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைப் பின்பட்டையால் மறைக்கிறார்கள்.

நான்காவது, வெட்டும் வேலை எல்லாம் பட்டறையிலேயே முடிய வேண்டும். இயங்கும் வார்டுக்குள் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. கட்டட வேலையின் தூசியோடு அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணத்தின் வித்துகளும் பறக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவரின் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

தூசியைச் சுவாசிப்பவர் யார்?

நோயாளியைக் காக்கும் மேசையைச் செய்பவரின் நிலை என்ன? இதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் செயற்கைக் கல்லில் 90 விழுக்காடு வரை, சிலவற்றில் அதற்கு மேலும் சிலிக்கா இருக்கும். கிரானைட்டில் பொதுவாக அதில் பாதிக்கும் குறைவு. இந்தக் கல்லை உலர்ந்த நிலையில் அறுத்துத் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. சுரங்கத் தொழிலாளிக்குப் பல ஆண்டுகள் கழித்து வந்த நோய், இந்தக் கல்லை அறுக்கும் இளைஞர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே வந்ததை ஸ்பெயின், இஸ்ரேல், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கண்டார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அத்தகைய கல்லுக்குத் தடையே விதித்துவிட்டது.

சாலிட் சர்ஃபேஸ் தூளில் சிலிக்கா ஆபத்து இல்லை. அதற்காக அதை அலட்சியமாகச் சுவாசிக்கலாம் என்பதில்லை. அந்தத் தூசியில் நீண்ட காலம் வேலை செய்த ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டதை அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

நீர் ஊற்றி அறுப்பது, தூசியை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் கருவி, முகத்தோடு சரியாகப் பொருந்தும் சுவாசக் கவசம் ஆகிய மூன்றும் வேண்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பல்ல. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் சிறு பட்டறை உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. தொழிலால் வந்த நோய்க்குப் பெர்கேசோ வழி இழப்பீடு கோரலாம். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். மகனை இந்தத் தொழிலுக்கு அனுப்பும் பெற்றோர், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதோடு, "தண்ணீர் விட்டு அறுக்கிறீர்களா?" என்றும் கேட்க வேண்டும்.

துடைக்கத் தெரிய வேண்டும்

எவ்வளவு நல்ல மேசையும் துடைக்கும் முறை தவறினால் பயன் தராது. அழுக்கை முதலில் நீக்காமல் மருந்து தெளிப்பதில் பலனில்லை. மருந்து பட்ட இடம், குப்பியில் குறிப்பிட்ட நேரம்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். உடனே துடைத்து உலர்த்திவிட்டால் கிருமி சாகாது. 5 விழுக்காட்டு வெளுப்பு மருந்தில் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்தால் மேற்பரப்புகளுக்கு ஏற்ற 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். அதை அமிலம் கலந்த கழிவறை மருந்தோடு சேர்க்கவே கூடாது. நச்சு வாயு எழும்.

மேசையின் மேல் அறிவிப்புத் தாளை ஒட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். ஒட்டுநாடாவின் பசையில் அழுக்கு சேரும். பூச்சாடியும் உணவுப் பொட்டலமும் அங்கே வேண்டாம்.

மேசை வாங்கும் நிர்வாகத்தினர் குறைந்த விலைக் குத்தகையை மட்டும் பார்க்காமல், கையெழுத்திடும் முன் மூன்று பேரிடம் கேட்டுப் பார்க்கலாம்: எட்டு மணி நேரம் அங்கே உட்காரும் தாதியிடம், தினமும் அதைத் துடைக்கும் துப்புரவுப் பணியாளரிடம், அதை அறுத்து ஒட்டும் பட்டறைத் தொழிலாளியிடம். எங்கே இடிக்கிறது, எங்கே அழுக்கு தேங்குகிறது, எங்கே வெடிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நேயர்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது முகப்பில் கை ஊன்றுவதற்கு முன், அங்கே வைத்திருக்கும் கைத்தூய்மிப்பியைப் போதிய அளவு எடுத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். கட்டிலில் படுத்திருப்பவர் உங்கள் தாயாகவும் இருக்கலாம். வேறொருவரின் தாயாகவும் இருக்கலாம்.