மார்கழிக் குளிரில் வளர்ப்புப் பாம்புக்கு சாக்கு போர்த்தினால் போதுமா?

ராஜபாளையம்:

மார்கழி பிறந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து இறங்கும் குளிர்காற்று ஆளை ஆட்டி எடுத்துவிடும். ஆண்டாள் கோவிலுக்கு விடியற்காலையில் போகிறவர்களும், நைட் ஷிப்ட் முடிந்து மில்லில் இருந்து சைக்கிளில் திரும்புகிறவர்களும் காதைச் சுற்றி மப்ளர் கட்டாமல் வெளியே வருவதில்லை. வீட்டு நாய்க்கு ஒரு சாக்கு, கோழிக்குஞ்சுக்கு ஒரு குண்டு பல்பு என்று வளர்க்கும் ஜீவன்களுக்கும் ஏற்பாடு நடக்கும்.

பாம்புக்கு?

கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 'பால் பைத்தான்' எனும் குட்டை மலைப்பாம்பு, அமெரிக்காவின் 'கார்ன் ஸ்னேக்' போன்றவற்றை வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் பழக்கம் நம் நாட்டிலும் வந்துவிட்டது. கோடை முழுக்க நன்றாக இருந்த பாம்பு, குளிர்காலத்தில் ஏன் தின்ன மாட்டேன் என்கிறது, ஏன் வாயைப் பிளந்து மூச்சு விடுகிறது என்று தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ராத்திரி குளிர்.

உடம்பிலே அடுப்பு இல்லை

மனிதன், மாடு, நாய் இவற்றுக்கெல்லாம் உடம்புக்குள்ளேயே ஒரு அடுப்பு எரிகிறது. தின்ற சோறுதான் விறகு. வெளியே எத்தனை குளிர் அடித்தாலும் உடம்புச் சூடு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பாம்புக்கு அந்த அடுப்பு கிடையாது. சுற்றி இருக்கும் காற்றும் தரையும் என்ன சூடோ, அதுதான் பாம்பின் சூடு. வெயில் வேண்டும் என்றால் வெயிலுக்கு வரும். சூடு அதிகமானால் பொந்துக்குள் போகும். இப்படி இடம் மாறி மாறித்தான் அது உடம்பைச் சரிக்கட்டுகிறது.

நாய்க்குச் சாக்கு போட்டால் ஏன் கதகதப்பாக இருக்கிறது? நாயின் உடம்புச் சூடு வெளியே போகாமல் சாக்கு தடுக்கிறது, அவ்வளவுதான். சாக்கு தானாகச் சூடு கொடுப்பதில்லை. 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையம் நாய்க்கு அது சரி. அதே சாக்கை பாம்பின் மேல் போட்டால், குளிர்ந்த பாம்பு குளிர்ந்த பாம்பாகவே உள்ளே கிடக்கும். இன்னும் சொல்லப்போனால், காலையில் வெயில் வந்த பிறகும் சூடு உள்ளே ஏறாமல் அந்தச் சாக்கே தடுத்துவிடும்.

டெல்லி, லக்னோ உயிரியல் பூங்காக்களில் குளிர்காலத்தில் பாம்புக் கூண்டுகளுக்கு ஹீட்டர் வைக்கும் செய்தி வருடா வருடம் வரும். கம்பளியும் வைக்கோலும் போடுவதைப் படத்தில் பார்த்துவிட்டு, கம்பளிதான் வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஹீட்டர் கொடுக்கும் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் கம்பளி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முட்டை மேல் சுருண்டு படுத்திருக்கும் பெண் மலைப்பாம்பு, குளிர் ஏறினால் தசைகளை வெடுக் வெடுக்கென்று நடுங்க வைத்து உடம்புச் சூட்டைக் கூட்டி முட்டையைக் காக்கும். இது பிள்ளைக்காகச் செய்கிற வேலை. தனக்காக அது நடுங்குவதில்லை.

வயிற்றில் எலி கெட்டுப்போகும்

குளிரில் பாம்புக்கு முதலில் நின்றுபோவது ஜீரணம். சூடு இருந்தால்தான் வயிற்றில் எலி கரையும். தீனி போட்ட ராத்திரி தொட்டி குளிர்ந்துவிட்டால், தின்ற எலி வயிற்றிலேயே கெட ஆரம்பிக்கும். பாம்பு கக்கிவிடும். இப்படி நாலு தடவை கக்கினால் உடம்பு தேறுவது கஷ்டம்.

அடுத்தது நெஞ்சுச் சளி. மூக்கு ஓரத்தில் நுரை, மூச்சு விடும்போது 'கர்கர்' சத்தம், தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து வைத்திருத்தல் இவையெல்லாம் அதன் அடையாளம். மனுஷனுக்கு வாங்கிய சளி மருந்தை ஊற்றுவது, தைலம் தடவுவது, சாம்பிராணி போடுவது எல்லாம் பாம்பைக் கொன்றுவிடும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை.

குளிர் மலைப்பாம்பை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. யாரோ வளர்த்துவிட்டு வெளியே விட்ட பர்மா மலைப்பாம்புகள் புளோரிடா மாநிலச் சதுப்புநிலத்தில் பெருகிக் கிடக்கின்றன. 2010 ஜனவரியில் அங்கே வழக்கத்துக்கு மாறாகக் கடும் குளிர் அடித்தது. ஆராய்ச்சிக்காக ரேடியோ கருவி பொருத்தி விடப்பட்டிருந்த 10 பாம்புகளில் 9 செத்துப்போயின. அதே புளோரிடாவுக்குத்தான் 2017-ல் நம்ம ஊர் இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் மலைப்பாம்பு பிடித்துக் கொடுக்கப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எத்தனை டிகிரி?

பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரையும், மறுபக்கம் 25, 26 டிகிரியும் இருக்க வேண்டும். ராத்திரியிலும் 24-க்குக் கீழே விடக்கூடாது. கார்ன் ஸ்னேக் கொஞ்சம் குளிர் தாங்கும். ராத்திரி 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலும் சமாளிக்கும். ஆக, ஊட்டி மாதிரி உறைபனி விழாத ராஜபாளையத்தில்கூட, மார்கழி ராத்திரி ஆப்பிரிக்கப் பாம்புக்குக் குளிர்தான். சிமெண்ட் தரையில் தொட்டி இருந்தால் இன்னும் மோசம். முதல் வேலையாகத் தொட்டியை மேஜை மேல் ஏற்ற வேண்டும். ஜன்னல் ஓரத்தில் இருந்து நகர்த்த வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

சூடு கொடுக்க 'ஹீட் மேட்' என்று மெல்லிய பாய் விற்கிறது. அதைத் தொட்டிக்கு வெளியே, அடியில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். முழுசாக வைத்தால் சூடு பிடிக்காதபோது பாம்பு ஒதுங்க இடமிருக்காது. 'தெர்மோஸ்டாட்' என்ற கருவி இல்லாமல் பாயைப் போடவே கூடாது. குறித்த டிகிரி வந்ததும் கரண்டைத் தானாக நிறுத்துவது அதுதான். பணத்தை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டு, பாம்பின் வயிறு வெந்த பிறகு அழுது பயன் இல்லை.

கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி குண்டு பல்பைத் தொட்டிக்குள் தொங்கவிடுவது இன்னொரு தப்பு. குஞ்சு, சுட்டால் ஓடிவிடும். பாம்பு பல்பையே சுற்றிக்கொண்டு படுக்கும்; தோல் பொசுங்குகிற வரைக்கும் நகராது. தவிர, ராத்திரி முழுக்க வெளிச்சம் இருந்தால் அதற்கு நிம்மதி கிடையாது. வெளிச்சம் தராத 'செராமிக்' ஹீட்டரைக் கம்பிக்கூட்டுக்குள் வைத்து மேலே மாட்டலாம். அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும்.

மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு அடுத்த விஷயம் உடனே புரியும். காற்றில் ஈரம் குறைந்தால் ஸ்பின்னிங்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கும் அல்லவா? தொட்டியிலும் அதே கதைதான். ஹீட்டர் காற்றைக் காய வைத்துவிடும். பாம்பின் சட்டை முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண் மேல் உள்ள சட்டை கழலாவிட்டால் ஆபத்து. அகலமான தண்ணீர் கிண்ணம் ஒன்றும், உள்ளே ஈரப்பாசி போட்ட மறைவுப் பெட்டி ஒன்றும் இருந்தால் போதும்.

கரண்ட் போனால்?

சின்ன ஹீட் மேட் இழுப்பது 15, 20 வாட்தான். வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டில் நன்றாகச் சுற்றி, தொட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். ஆறியதும் மாற்ற வேண்டும். தொட்டியைச் சுற்றி மூன்று பக்கமும் தெர்மாகோல் அட்டை நிறுத்தினால் சூடு சீக்கிரம் இறங்காது. காற்றுப்போகும் வழியை மட்டும் அடைக்கக் கூடாது. கரிச்சட்டி, மெழுகுவர்த்தி பக்கம் போகவே வேண்டாம். மூடிய அறையில் கரிப்புகை பாம்போடு சேர்த்து வீட்டுக்காரரையும் முடித்துவிடும்.

குளிர் ராத்திரிகளில் தொட்டி சூடாக நிற்கும் என்ற உறுதி இல்லை என்றால், அந்த வாரம் தீனியே போடாமல் விடுவது நல்லது. நன்றாக வளர்ந்த பாம்பு சில வாரப் பட்டினியைத் தாங்கும். குளிரோடு சேர்ந்த சாப்பாட்டைத் தாங்காது.

நம்ம ஊர் பாம்பா? ஜெயில்தான்!

இத்தனையும் வெளிநாட்டுப் பாம்புக்கு. தோட்டத்தில் பிடித்த சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் அனுமதிக்காது. 1972-ம் ஆண்டு வனஉயிரின பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. மலைப்பாம்பு, நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சாரை ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது. 'இரட்டைத்தலை பாம்பு, லட்சக்கணக்கில் விலை போகும்' என்று மண்ணுளிப் பாம்பை வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் லட்சத்தைப் பார்த்ததில்லை; கம்பியைத்தான் எண்ணினார்கள்.

வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. பால் பைத்தான் போன்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. புதிதாக வாங்குபவர்கள் 30 நாளுக்குள் பதிய வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பாம்பு எந்த வழியில் வந்தது என்று யோசித்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில் ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும், ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் பிடிபட்டன. இரண்டுமே கோலாலம்பூரில் இருந்து வந்தவை.

மட்டைக் குவியலில் ஜாக்கிரதை

2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு, தொட்டிப் பாம்பைவிடத் தோட்டத்துப் பாம்புதான் தினசரிக் கவலை. செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கத் தோப்புகளில் குவித்து வைக்கும் தேங்காய் மட்டை, விறகு, வைக்கோல் எல்லாம் ராத்திரிக் குளிருக்குப் பாம்பு தேடும் கதகதப்பான அறைகள். எலியும் அங்கேதான் இருக்கும். குளிரில் பாம்பெல்லாம் தூங்கிவிடும் என்று நம்பி வெறுங்கையை விடக்கூடாது. கண்ணாடி விரியன் ஜோடி தேடி அலைவதே இந்தக் குளிர் மாதங்களில்தான். காலையில் விறைத்துக் கிடக்கும் பாம்பைச் செத்ததென்று கையில் எடுப்பதும் வேண்டாம். வெயில் பட்டால் எழுந்துவிடும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் கதவை ஒஞ்சரித்து, ஆட்களையும் ஆடு, நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் 108-க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஏற்றும் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவதும் இருளர்கள்தான். 1978-ல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே பாம்புகளை வைத்திருப்பது மண் போட்ட பானையில், வாயில் பருத்தித் துணி கட்டி. சில வாரங்களில் விஷம் எடுத்து முடித்ததும் அவற்றைக் காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள்.