‘அதான்ப்பா... அது!’ - வார்த்தைகள் ஒவ்வொன்றாக விடைபெறும் நோய்... வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. கட்டிங் பிரிவில் முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேஜை மேல் இருக்கும் கத்தரியைக் காட்டி, “அதை எடு... அதான்ப்பா, வெட்டுவோமே... அது!” என்கிறார். கத்தரியைக் கையில் கொடுத்தால் தோலைப் பிசிறில்லாமல் வெட்டுகிறார். வீட்டுக்கு வழி தெரிகிறது, கூலிக் கணக்கு தெரிகிறது. பெயர் மட்டும் வருவதில்லை.

வீட்டில் “நைனாவுக்கு வயசாயிடுச்சு” என்பார்கள். வேலை செய்யும் இடத்தில் “குடிச்சிருக்காரோ?” என்று சந்தேகப்படுவார்கள். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

மறதி அல்ல, மொழி இழப்பு

தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்பது எல்லோருக்கும் நடப்பதுதான். கொஞ்ச நேரத்தில் தானாக ஞாபகம் வந்துவிடும். ஆனால், தினமும் புழங்கும் சாதாரண சொற்களே வராமல் போய், மாதக்கணக்கில் அது கூடிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும்.

‘பிரைமரி ப்ரோக்ரஸிவ் அஃபேசியா’ என்பது இந்த நோயின் பெயர். மூளையில் மொழியைக் கையாளும் பகுதிகள் மெல்ல மெல்லத் தேய்வதால் வருகிறது. 1892-லேயே பிராக் நகர மருத்துவர் அர்னால்ட் பிக், படிப்படியாகப் பேச்சை இழந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1982-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம், இப்படி 6 பேரைப் பற்றி எழுதிய பிறகுதான் இது தனி நோயாகப் பார்க்கப்பட்டது. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அஃபேசியா இருப்பதாக 2022-ல் அவர் குடும்பம் அறிவித்தது. அடுத்த ஆண்டு, அதற்குக் காரணம் ‘ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா’ என்று தெரிவித்தது.

பெரும்பாலும் 50 முதல் 65 வயதுக்குள் இது தொடங்குகிறது. அதாவது, சம்பாதிக்கும் வயதிலேயே!

மூன்று வகை

முதல் வகையில் சொல் தேடித் தேடி இடைவெளி விழும். நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது. இரண்டாவது வகையில் சொல்லின் பொருளே மறைந்துவிடும். “கத்தரி எடு” என்றால், “கத்தரின்னா என்ன?” என்று கேட்பார்கள். மூன்றாவது வகையில் வாக்கியம் உடைந்து, “நான்... சாவி... கடை...” என்று திணறித் திணறி வரும்.

ஒன்றை மறக்கவே கூடாது. பேச்சு திடீரெனக் குழறினாலோ, நின்றுபோனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கணியம்பாடி சொல்லும் பாடம்

வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள், கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 65 வயதைக் கடந்தவர்களிடம் டிமென்ஷியா ஆய்வு நடத்தினார்கள். பல நாடுகளில் நடந்த ‘10/66’ ஆய்வின் ஒரு பகுதி இது. 2008-ல் வெளியான முடிவுகளில், எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, கிராமத்து எண்ணிக்கை வெகுவாக மாறியது. பெரியவர்களின் வேலைகளைப் பிள்ளைகளே செய்துவிடுவதால், அவர்களுடைய தடுமாற்றம் குடும்பத்தின் கண்ணில் படுவதில்லை என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் அன்பே சில நேரம் நோயை மறைத்துவிடுகிறது.

இரண்டு மொழி... ஒரு பலம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் உருது, கடையில் தமிழ் என்று வாழ்பவர்கள் ஏராளம். தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் டிமென்ஷியா உள்ள 648 பேரிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகவே நோய் தொடங்கியது தெரிந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது.

எனவே, பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் என்னென்ன மொழி பேசுகிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தமிழில் ‘கத்தரி’ வராதவருக்கு உருதில் ‘கைஞ்சி’ வரலாம். எந்த மொழியில் வந்தாலும் தடுக்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். காது கேளாமை, தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு போன்றவையும் தடுமாற்றத்தை உண்டாக்கலாம்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

* மொழித் தேய்வை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. பேச்சுப் பயிற்சி, இருக்கும் சொற்களைக் கூடுதல் காலம் தக்கவைக்க உதவும்.

* “இது என்ன, சொல்லு பார்ப்போம்!” என்று பரீட்சை வைக்காதீர்கள். சொல் வரும்வரை காத்திருங்கள். வரவில்லையென்றால், “டீயா, காபியா?” என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

* பேசும்போது டி.வி-யை அணைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும்.

* குடும்பத்தினர், சாப்பாடு, மாத்திரை, அடிக்கடி போகும் கடை ஆகியவற்றின் போட்டோக்களை செல்போனில் ஒரே ஆல்பமாக வையுங்கள். அவர் விரலால் காட்டட்டும்.

* வங்கிக் கணக்கு, பி.எஃப், வீட்டுப் பத்திரம் பற்றி அவரால் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல முடிகிறபோதே பேசி முடிவெடுங்கள்.

* அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள். பதில் சொல்ல முடியவில்லை என்பதால், புரியவில்லை என்று அர்த்தமில்லை.

கவனித்துக்கொள்பவருக்கும் களைப்பு வரும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணையும் இலவசமாக அழைக்கலாம். சொல் தேடித் தவிப்பவருக்கு முதல் மருந்து, எதிரில் இருப்பவரின் பொறுமைதான்.