கச்சு நிலம் ஏன் அதிர்ந்தது?

குஜராத்தின் மேற்குக் கோடியில் உள்ளது கச்சுப் பிரதேசம். 1819 ஜூன் 16-ஆம் நாள் அங்கு நேர்ந்த பூகம்பத்தில், சமவெளியாகக் கிடந்த உப்பு நிலத்தின் ஊடே சுமார் 80 கிலோமீட்டர் நீளத்திற்கு மண்மேடு ஒன்று புதிதாக எழும்பியது. மனிதர் கட்டாத கரையாதலின், 'அல்லா பந்த்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அதன் தெற்கே நிலம் தாழ்ந்தது; சிந்திரிக் கோட்டையை நீர் சூழ்ந்தது. அதே கச்சில் 2001 ஜனவரி 26, குடியரசு நாளன்று காலை 8.46 மணிக்கு 7.7 அளவுள்ள பூகம்பம் நேர்ந்து, சுமார் 20,000 பேர் மாண்டனர்.

ஒரே பிரதேசம் இங்ஙனம் மீண்டும் மீண்டும் அதிரக் காரணம் யாது?

பூமியின் மேலோடு ஒரே பாறையன்று. பல பெருந்தட்டுகளாகப் பிளவுண்டு கிடக்கிறது. நாம் வாழும் இந்தியத் தட்டு ஆண்டுதோறும் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. கைநகம் வளரும் வேகத்தைவிட இது சற்றே அதிகம். இமயமலை எழுந்தது இம்மோதலினால்தான். ஆகவே அங்கே நிலம் நடுங்குவதில் வியப்பில்லை. கச்சோ தட்டின் விளிம்பிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

தறியில் பாவு அளவுக்கு மீறி விறைத்தால், இழை படமரத்தின் அருகில்தான் அறும் என்பதில்லை. புரி தளர்ந்த இடம் எங்குள்ளதோ அங்கே அறும். நெசவாள அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுவதில்லை. பூமியில் நிகழ்வது இழுப்பன்று, நெருக்கம். எனினும் நியதி அதுவே. 15 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆப்பிரிக்காவுடன் ஒட்டியிருந்த இந்தியா பிரியத் தொடங்கிய காலத்தில், கச்சு நிலம் இழுபட்டுப் பல வெடிப்புகள் விழுந்தன. அப்பழைய வெடிப்புகளே இன்று நெருக்குண்கின்றன. இருபுறப் பாறைகளும் உராய்வினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நெடுங்காலம் வளைந்து கொடுக்கின்றன. தாங்கும் எல்லை கடந்ததும் சில விநாடிகளில் சறுக்கி விடுகின்றன. 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நகரைச் சிதைத்த பூகம்பத்தை ஆராய்ந்து இவ்வுண்மையை விளக்கியவர் ரீட் என்னும் அமெரிக்க அறிஞர்.

சறுக்கலிலிருந்து கிளம்பும் அலைகளில் முதலாவது, பாறையை முன்பின்னாகத் தள்ளி விரைந்து வருவது. அடுத்தது மெதுவாக வந்து குறுக்காக உலுக்குவது. கட்டடங்களுக்குப் பெருங்கேடு செய்வது பெரும்பாலும் இப்பக்கவாட்டு உலுக்கலே. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே நாம் சுவர் எழுப்புகிறோம். பக்கவாட்டில் தள்ளினால் அது என்னாகும் என்று எண்ணுவதில்லை.

2001-இல் பச்சாவு நகரம் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. புஜ் நகரை அடுத்த புஜோடி என்னும் நெசவாளர் கிராமத்திலும் வீடுகள் இடிந்தன. அஜ்ரக் அச்சுத் துணிக்குப் பெயர்பெற்ற தமட்காவில் வீடுகள் இடிந்ததோடு, நீரில் இரும்புச் சத்து மிகுந்து சாயத் தொழிலுக்கு ஒவ்வாமற் போயிற்று. சாயத் தொழிலாளர் பலர் புஜ் அருகே அஜ்ரக்பூர் என்னும் புதிய ஊரையே அமைத்துக்கொண்டனர்.

மண்ணில் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்களே எங்கும் ஏராளமாகச் சரிந்தன. ஆயினும், அங்குள்ள ஏழை மக்களின் 'பூங்கா' என்னும் வட்ட வடிவ மண்வீடுகளில் பெரும்பாலானவை நிலைத்து நின்றன. (மலர்ப் பூங்காவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) மூலையற்ற சுவராதலின் உலுக்கலின் விசை ஓரிடத்தில் குவிவதில்லை, கூரையும் இலேசான கூம்புக் கூரை. சதுர வீட்டில் மூலைகளே முதலில் பிளக்கின்றன. ஆதலால், கதவு நிலைக்கு மேல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் அறுபடாத கான்கிரீட் பட்டி ஒன்று இடுமாறு பொறியாளர்கள் கூறுகின்றனர். கற்சுவராயின், உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை எட்டும் நீண்ட கற்களை இடையிடையே வைத்துக் கட்டவேண்டும். இல்லையெனில் சுவர் இரு தோல்களாகப் பிரிந்து விழும்.