வீட்டு பிரிட்ஜில் ஆராய்ச்சி!

மேச்சேரி மாதிரி ஊரில் பிறந்தவர்கள் மருத்துவ ஆராய்ச்சி செய்ய முடியுமா, குட்டீஸ்? செல்லப்பன் நிர்மலாவும் கிராமத்துக் குடும்பத்தில் இருந்து வந்தவர்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்தபோது அவருக்கு வயது 32. இரண்டு குழந்தைகளுக்கு அம்மா.

ஆய்வுக்குத் தலைப்பு தேடியவரிடம், நம் ஊரில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் பேராசிரியை சுனிதி சாலமன். அது வெளிநாட்டு நோய் என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். நிர்மலாவுக்கும் தயக்கம். 'பார்த்துவிடுவோமே' என்று விடாப்பிடியாக நின்றார் பேராசிரியை.

தலைப்பு கொடுத்ததோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் ஏற்பாடு செய்து, ரத்தத்தில் இருந்து சீரத்தைப் பிரிக்கும் வேலையில் தானும் கூட உட்கார்ந்தார். குரு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

பஸ் செலவை மிச்சப்படுத்த, நிர்மலாவைக் கணவர்தான் வண்டியில் அழைத்துப் போவார். ரத்தம் எடுக்கும்போது கையுறைகூடக் கிடையாது! (இப்போது அப்படிச் செய்யவே கூடாது.) பிரித்த சீரத்தை எங்கே வைத்தார் தெரியுமா? வீட்டு பிரிட்ஜில்!

1986 பிப்ரவரி. ஐஸ் பெட்டியோடு இருவரும் இரவு ரயிலில் காட்பாடி போனார்கள். சோதனை வசதி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது. காலையில் வேலை தொடங்கியது. நடுவில் கரன்ட் கட்! டீ குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தால்... ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. கிருமி இருப்பதற்கான அடையாளம் அது.

மறுபடியும் ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் சோதித்தார்கள். அதே முடிவு! இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்படித்தான். அதன் பிறகே நாடு முழுவதும் பரிசோதனையும் தடுப்புப் பணியும் தொடங்கின. நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.