தேடுபொறியும் வணிகரும்



பட்டினத்திலே கடை திறக்க விரும்பும் ஒருவர் முதலில் ஆராய்வது இடத்தையே. நாற்சந்தியில் அமைந்த கடைக்கும் ஒழுங்கையின் கோடியில் அமைந்த கடைக்கும் சரக்கு ஒன்றாயினும் வியாபாரம் ஒன்றாயிராது. ஆதலினாலேயே சந்திக் கடைக்கு வாடகையும் முற்பணமும் மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. இன்றோ, இந்தச் சந்தி தெருவில் மாத்திரமன்றி, நம் கைத்தொலைபேசியின் திரையிலும் அமைந்துவிட்டது. ஒரு பொருள் வேண்டுமெனின், மக்கள் கூகிள் போன்ற தேடுபொறியிலே அதன் பெயரை எழுதுகின்றனர். விடைகள் வரிசையாகத் தோன்றுகின்றன. முதலில் நிற்கும் இரண்டு மூன்றைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர். வரிசையின் அடிவரை செல்வோர் மிகச் சிலர். எனவே, வரிசையின் தலைப்பில் நிற்பது சந்திக் கடை. அடியிற் கிடப்பது ஒழுங்கைக் கடை.

அந்த வரிசையில் இடம் எவ்வாறு கிடைக்கின்றது? அதனை விலைக்கு வாங்கலாமா? தந்திரத்தினாற் பெறலாமா? உழைத்துத்தான் பெறவேண்டுமா? சிறு முதலுடன் தொழில் செய்வோர் சிலர் இவ்வினாக்களுக்கு விடை அறியாமையினால் வீணே பணத்தை இழக்கின்றனர். ஆகவே, அவ்விடைகளைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் தேடுபொறி தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும். நாம் ஒரு சொல்லை எழுதியதும், பொறி அக்கணமே உலகெங்கும் ஓடித் தேடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பெரிய நூல்களின் இறுதியிலே சொல்லடைவு ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்ன சொல் இன்ன பக்கத்தில் உளது என்று அது காட்டும். தேடுபொறியிடத்தும் அத்தகைய சொல்லடைவு ஒன்று உண்டு. அதனை ஆக்குவதற்காக அதன் மென்பொருள்கள் இரவு பகலாக, ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்ற வண்ணம் இருக்கின்றன. சென்றவிடமெல்லாம் கண்ட சொற்களைக் குறித்து வைக்கின்றன. நாம் வினவும்போது பொறி புரட்டிப் பார்ப்பது இக்குறிப்பையே. ஆகவே, எந்தப் பக்கத்துக்கு எவரும் வழி காட்டவில்லையோ, எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை மென்பொருளால் வாசிக்க இயலவில்லையோ, அந்தப் பக்கம் தேடுவோரைப் பொறுத்தவரையில் இல்லாததே ஆகும்.

இனி, ஒரே சொல் இலட்சக்கணக்கான பக்கங்களில் இருக்குமானால் எதனை முதலில் வைப்பது? 1990ஆம் ஆண்டுகளின் நடுவில் இருந்த தேடுபொறிகள், அச்சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகின்றது, எங்கு வருகின்றது என்பவற்றையே பெரிதும் நோக்கின. இதனை அறிந்த சிலர் ஒரே சொல்லை நூறு முறை எழுதினர். வாசிப்போருக்குத் தெரியாதவாறு வெண்ணிறப் பக்கத்தில் வெண்ணிற எழுத்தால் எழுதினோரும் உளர். இதனால் தேடுவோருக்குக் கிடைத்தது பதரே.

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற அறிஞர் எடுத்துக்காட்டுந்தோறும் அதன் மதிப்பு உயர்வது கல்வியுலகின் வழக்கம். அதுபோல, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் இணைப்பின் மூலம் சுட்டுமாயின், ஒவ்வோர் இணைப்பையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம். மதிப்புள்ளோர் கூறும் சான்றுக்கு மிகுந்த நிறை கொடுக்கலாம் என்று அவர்கள் கருதினர். இம்முறைக்குப் பேஜ்ராங்க் என்று பெயர். 1998இல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே கூகிள். இன்று அந்நிறுவனம் வரிசைப்படுத்தும்போது வேறு பல குறிப்புகளையும் கணக்கில் எடுக்கின்றது. ஆயினும், பிறர் கூறும் சான்று என்னும் கருத்து இன்றும் மறைந்துவிடவில்லை.

சான்றுக்கு மதிப்பு உண்டெனில், பொய்ச் சான்று வாங்குவோரும் தோன்றுவர் அல்லவா? அவ்வாறே நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டு பெப்ரவரியில், பி.எம்.டபிள்யு. மோட்டார் நிறுவனத்தின் ஜேர்மன் இணையத்தளத்தைக் கூகிள் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. பழைய கார் என்னும் பொருளுடைய சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய பக்கத்தை மென்பொருளுக்குக் காட்டி, வந்த மனிதரை வேறொரு பக்கத்துக்கு அனுப்பியமையே அதன் குற்றம். பக்கங்களைத் திருத்திய பின்னர், சில நாட்களில் அது மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை மற்றொன்றை வெளிப்படுத்தியது. ஜே. சி. பென்னி என்னும் அமெரிக்கப் பெருங்கடை, முந்திய நத்தார்ப் பருவத்தில் ஆடை முதல் தளபாடம் வரை எதைத் தேடினாலும் முன்வரிசையில் நின்றது. ஆராய்ந்தபோது, அதற்குச் சான்று கூறிய பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுட் பல நாய்களையும், குறட்டையையும், மீன்பிடியையும் பற்றிய தளங்களில் இடம்பெற்றவை! கூகிள் நடவடிக்கை எடுத்தது. ஒருவகைப் பயணப்பெட்டியைத் தேடுவோருக்கு முதலாவதாகத் தெரிந்த அக்கடை, இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. கடையினர் தாம் இதனை அறியோம் என்று கூறி, இப்பணியைச் செய்த ஆலோசகரை விலக்கினர். பெருங்கடை இவ்வீழ்ச்சியைத் தாங்கும். பத்துப் பேருக்குச் சோறிடும் சிறு கடை தாங்குமா?

விலைக்கு வாங்கும் இடமும் உண்டு. அது வேறாகவே வைக்கப்பட்டுள்ளது. 1998இல் பில் குரோஸ் என்பவரின் கோட்டூ என்னும் தேடுபொறி, சொற்களை ஏலத்தில் விடும் முறையைக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் கூகிளும் 350 விளம்பரதாரருடன் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் ஏல முறையையும் ஏற்றது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு தருவேன் என்று வணிகர் கூறுவர். விளம்பரம் தோன்றினால் மாத்திரம் பணம் இல்லை. ஒருவர் அதனைச் சொடுக்கி உள்ளே வந்தாற்றான் பணம். அதிக விலை கூறியவருக்கே முதலிடம் என்பதும் இல்லை. விளம்பரம் தேடுவோருக்குப் பொருத்தமானதா என்பதும் கணிக்கப்படும். கட்டணம் பெற்று வைத்த இடத்தைத் தெளிவாக அவ்வாறே குறிக்கவேண்டுமென்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2002இல் தேடுபொறி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இது நேர்மையான வழியே. ஆயினும், இது வாடகை இடம். பணம் நின்ற அன்றே கடை மறையும். உள்ளே வந்தவர் யாவரும் வாங்குவோர் அல்லர் என்பதையும் கணக்கிட்டே இதில் இறங்கவேண்டும்.

இனி, உழைத்துப் பெறும் இடத்தைப் பார்ப்போம். வடபுலத்திலே பனங்கட்டி செய்து விற்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் தம் பக்கத்தில் "பனங்கட்டி" என்று மட்டும் எழுதுகின்றார். சென்னையிலுள்ள ஒருவர் அதே பொருளைக் "கருப்பட்டி" என்று தேடுவார். மற்றொருவர் "பனைவெல்லம்" என்பார். புலம்பெயர்ந்த நாட்டிற் பிறந்த பிள்ளையோ ஆங்கிலத்தில் எழுதித் தேடும். பொருள் ஒன்று, பெயர் நான்கு. இப்பொருள் நும் நாட்டில் இன்ன பெயரால் வழங்கும் என்று ஒரு பந்தியில் விளக்கினால், வாசிப்போருக்கும் அறிவு; தேடுவோருக்கும் வழி. பனங்கட்டி எவ்வாறு காய்ச்சப்படுகின்றது, எத்தனை நாள் கெடாதிருக்கும், நிறை என்ன, விலை என்ன, எவ்வாறு அனுப்பப்படும் என்பனவற்றைத் தெளிவாக எழுதினால், அப்பக்கத்தைப் பிறர் தாமாகவே சுட்டுவர். தாம் விற்பதைத் தம் சொல்லாற் கூறுவதோடு நில்லாது, வாங்குவோரின் சொல்லாலும் கூறுதலே இக்கலையின் பெரும்பகுதி.

தமிழில் எழுதுவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். நம் நாட்டிற் பெரிதும் வழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கண்ணுக்குத் தெரிவது தமிழாயினும், கணினியின் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துக்களே. மென்பொருள் அதனைத் தமிழாக வாசியாது. படமாக ஒட்டிய விலைப்பட்டியலும் எழுத்தைப் போன்று செவ்வனே வாசிக்கப்படுமென்று நம்புதற்கில்லை. ஒருங்குறியில் எழுதினாற்றான் தமிழ்ச் சொல் தமிழ்ச் சொல்லாகவே சொல்லடைவிற் சேரும். பக்கம் கைத்தொலைபேசியில் விரைவாகத் திறக்கின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கூகிள் வரைபடத்திற் பதிவதற்குக் கட்டணம் இல்லை. அயலிலுள்ளோரை நம்பி வாழும் சிறு கடைக்கு இது முதற் படியாகும்.

இவையெல்லாம் மெல்லப் பலன் தருபவை, மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்திலேதான், "ஒரே வாரத்தில் முதலிடம் நிச்சயம்" என்று கூறுவோர் வருகின்றனர். எவராலும் முதலிடத்துக்கு உத்தரவாதம் அளிக்க இயலாதென்று கூகிள் நிறுவனமே வணிகருக்கு எழுதிய அறிவுரையிற் கூறியுள்ளது. அவ்வாறு வருவோரிடம் கேட்கவேண்டியது ஒன்றே: "எனது பக்கத்தில் யாது செய்யப்போகின்றீர்கள்?" விளங்கும்படி விடை கூறுவாரெனின் மேலும் பேசலாம், அது தம் தொழிலின் இரகசியம் என்பாரெனின் வணக்கம் கூறி அனுப்பிவிடலாம். தந்திரத்துக்குரிய தண்டனை விழுவது ஆலோசகர்மீதன்று, கடைமீதே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தேடுதல் என்னும் இத்தெரு பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கூகிள் தன் தனியுரிமையைச் சட்டத்துக்கு மாறாகப் பேணிவந்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் முதல் அந்நிறுவனம், செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையை அமெரிக்காவிற் பல வினாக்களுக்கு வரிசையின் மேலே வைக்கத் தொடங்கிற்று. விடை அங்கேயே கிடைத்தால் கடைவாசலுக்கு வருவோர் குறையக்கூடும். விதி நாளையும் மாறும். ஆகவே, ஒருமுறை வந்து வாங்கியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவருடைய சம்மதத்துடன் குறித்து வைத்தல் நன்று. அடுத்த பருவத்துப் பனங்கட்டி காய்ச்சியதும், அவருக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். அந்தச் செய்திக்கு எந்தப் பொறியின் தயவும் வேண்டியதில்லை; முன்பு கொடுத்த சரக்கு நன்றாயிருந்தாற் போதும்.