படத்துக்குள் எத்தனை படம்?

வா கண்ணு, உட்கார். கம்ப்யூட்டரில் நீ வரைந்த பட்டத்தைப் பார்த்தேன். வால் அருமையாக வளைந்திருக்கிறது. அதைவிட, நீ கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "பட்டத்தை வெட்டி நகர்த்தினால், கூடவே வானமும் வந்துவிடுகிறது. பழைய இடத்தில் வெள்ளையாக ஓட்டை விழுகிறது. ஏன்?" என்று கேட்டாய் அல்லவா? கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இப்படிக் கேட்பார்கள்.

காரணம் இதுதான். நீ வானத்தையும் பட்டத்தையும் ஒரே லேயரில், அதாவது ஒரே அடுக்கில், வரைந்துவிட்டாய். கம்ப்யூட்டருக்கு அது பட்டம் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வண்ணப் புள்ளிகள் மட்டுமே. நீல வானத்தின் மேல் சிவப்பைத் தீட்டினாயா? அந்த இடத்து நீலப் புள்ளிகள் அப்போதே அழிந்துவிட்டன. பிறகு பட்டத்தை எடுத்தால், அடியில் காட்ட வானம் ஏது?

கார்ட்டூன் படம் எடுத்தவர்களுக்கும் அந்தக் காலத்தில் இதே தொல்லை இருந்தது. நாய் ஒரு அடி ஓடினால் போதும், மரம், வீடு, வேலி எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் என்ற ஓவியர் 1914-இல் இதற்கு ஒரு வழி கண்டார். பின்னணியை ஒரு தாளில் ஒரே முறை வரைந்துவிடுவது. ஓடுகிற நாயை மட்டும் கண்ணாடி போலத் தெரியும் செல்லுலாய்டு தாளில் வரைந்து, அதன் மேல் வைத்துப் படம் பிடிப்பது. நாய் எத்தனை அடி ஓடினாலும் மரத்தைத் திரும்பத் தொட வேண்டாம்.

ஆனால் அந்தத் தாள் முழுக்கத் தெளிவானது இல்லை. நாலைந்து தாளை அடுக்கினால் அடியில் இருக்கும் வண்ணம் கொஞ்சம் மங்கிவிடும். அதற்கு ஏற்றபடி வண்ணத்தை மாற்றிக் குழைக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் லேயரும் அந்தத் தாள் போலத்தான், ஆனால் அதற்கு அந்தக் குறை கிடையாது. நூறு வெற்று லேயர்களை அடுக்கினாலும் அடி வானம் அப்படியே தெரியும். ஃபோட்டோஷாப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் இந்த லேயர் வசதி 1994-இல், மூன்றாம் பதிப்பில் வந்தது. இன்று இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவிலும் கிம்ப்பிலும் இது உண்டு.

எப்படித் தெரிகிறது என்று கேட்கிறாயா? கேள், கேள்! ஒவ்வொரு புள்ளிக்கும் கம்ப்யூட்டர் நான்கு எண்களை வைத்திருக்கிறது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று. நான்காவது எண், அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கும் என்று சொல்வது. அது 0 என்றால் புள்ளி இருப்பதே தெரியாது. 255 என்றால் அடியில் உள்ளதை முழுக்க மறைத்துவிடும். நடுவில் பாதி அளவு என்றால், மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சரிபாதி கலக்கும். மேல் புள்ளியின் சிவப்பு 200, கீழ்ப் புள்ளியின் சிவப்பு 100 என்று வைத்துக்கொள். திரையில் எவ்வளவு தெரியும்? ஆமாம், 150! நீ மூன்றாம் வகுப்பில் போட்ட சராசரிக் கணக்குதான்.

புரிந்ததா? சரி, இப்போது நம் படத்துக்குப் போவோம்.

திரையின் ஓரத்தில் லேயர் பட்டியல் இருக்கும். பட்டியலில் மேலே இருப்பது படத்தில் முன்னால் நிற்கும். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது உயரமான அண்ணன் முன்வரிசையில் நின்றுவிட்டால், பின்னால் நிற்கும் குட்டிப் பையன் தெரிவானா? அதேபோல, வானம் லேயர் மேலே ஏறிவிட்டால் பட்டம் மறைந்துவிடும். பயப்படாதே, அழியவில்லை. வானத்தைப் பிடித்து இழுத்துக் கீழே விடு, பட்டம் வந்துவிடும்.

எதற்கெல்லாம் தனி லேயர் போடலாம்? தனியாக நகர வேண்டியதற்கு, தனியாக நிறம் மாற வேண்டியதற்கு. பட்டத்துக்கு ஒன்று. வாலுக்கு ஒன்று. வானத்துக்கு ஒன்று. மாமரத்துக்கு இரண்டு வை. தண்டும் பின் இலைகளும் ஒன்றில், முன் இலைகள் இன்னொன்றில். பட்டத்தை இரண்டுக்கும் நடுவில் செருகினால், கிளையில் சிக்கிய பட்டம் தயார்! ஒவ்வொரு இலைக்கும் லேயர் போட்டுவிடாதே. ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி உள்ள படத்தில், முழுக்க வரைந்த ஒரு லேயருக்கே 40 லட்சம் எண்கள் வேண்டும். பத்து லேயர் என்றால் 4 கோடி. பழைய கம்ப்யூட்டர் திணறிப்போகும்.

அடுத்து, பெயர். இதில் நான் கண்டிப்பானவன், கண்ணு. புது லேயர் போட்டதும் கம்ப்யூட்டர் 'லேயர் 1', 'லேயர் 2' என்று தானாகப் பெயர் வைக்கும். மூன்று லேயர் இருக்கும்போது பரவாயில்லை. இருபது ஆனதும் 'லேயர் 14' என்ன என்று உனக்கே தெரியாது. பெயரின் மேல் இருமுறை சொடுக்கி, 'பட்டம் வால்', 'முன் இலை' என்று வைத்துவிடு. சில லேயர்களைச் சேர்த்து ஒரு குரூப் ஆக்கவும் முடியும். ஆனால் மரத்தின் இரண்டு லேயரையும் ஒரே குரூப்பில் போடாதே. போட்டால் பட்டம் நடுவில் நுழைய முடியாது! பட்டத்தையும் வாலையும் குரூப் ஆக்கு. குரூப்பைத் தேர்ந்து இழுத்தால் இரண்டும் சேர்ந்து பறக்கும்.

இப்போது, எல்லாப் பிள்ளைகளையும் படுத்தும் ஒரு சங்கதி. பிரஷ்ஷைத் தேய்க்கிறாய், தேய்க்கிறாய், ஒரு கோடுகூட விழவில்லை. மௌஸ் கெட்டுவிட்டதா? இல்லவே இல்லை. பட்டியலைப் பார். எந்த லேயர் தேர்வாகியிருக்கிறது? அது வானத்துக்கு அடியில் இருந்தால், நீ வரைவதெல்லாம் வானத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அந்த லேயரின் பக்கத்தில் கண் படம் அணைந்திருக்கிறதா? அணைந்திருந்தால் லேயர் மறைந்திருக்கிறது. பூட்டுப் படம் போட்டிருக்கிறதா? அப்படியானால் வரையவே விடாது. அந்தப் பூட்டு நமக்கு நண்பன்தான். வானம் நன்றாக வந்துவிட்டால் உடனே பூட்டிவிடு. கை தவறினாலும் அதில் கோடு விழாது.

படம் முடிந்ததா? சேமிக்கும்போது மட்டும் கவனம். ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் எல்லா லேயரும் ஒட்டி ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் முதலில் கிரிட்டா என்றால் கேஆர்ஏ, கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமி. அதில்தான் லேயர், பெயர், பூட்டு எல்லாம் அப்படியே இருக்கும். தாத்தாவுக்குப் போனில் அனுப்ப ஒரு ஜேபெக் நகல் எடுத்துக்கொள். அவர் பார்த்துவிட்டு "பட்டம் மஞ்சளாக இருந்தால் இன்னும் நன்றாயிருக்குமே" என்று சொன்னால், கேஆர்ஏ கோப்பைத் திற. பட்டம் லேயரில் மட்டும் மஞ்சளைக் கொட்டு.