பரணில் கிடக்கும் கார்டுலெஸ் போன் ஃபைபரில் மறுபடி மணி அடிக்கும்! புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க

04364. மயிலாடுதுறை பக்கம் பிறந்து வளர்ந்து, இன்று சிங்கப்பூரிலோ துபாயிலோ சென்னையிலோ இருப்பவர்களைக் கேட்டால் இந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள். சொந்தப் பிள்ளையின் செல் நம்பர்கூட மனப்பாடமாக இருக்காது. ஊரில் அப்பா, அம்மா இருக்கும் வீட்டு லேண்ட்லைன் நம்பர் மட்டும் மறக்காது. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனபோதும் அந்த எஸ்.டி.டி. கோடு மாறவில்லை.

ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் ஒயர் மாறிக்கொண்டிருக்கிறது. செப்புக் கம்பி போய், கம்பத்திலிருந்து மெல்லிய ஃபைபர் ஒயர் வீட்டுக்குள் வருகிறது. அத்தோடு பழைய கார்டுலெஸ் போனின் கதை முடிந்தது என்று நினைத்து, காயலான் கடைக்குப் போடுகிறவர்கள் உண்டு. 'ஃபைபருக்குன்னு தனி போன் வாங்கணுமாம்' என்று ஆன்லைனில் கிடைத்ததை வாங்கி, ஒயரைச் செருக இடம் தெரியாமல் விழிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லாத செலவு.

ஃபைபர் இணைப்போடு சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்களே, ஒரு சின்னப் பெட்டி (எல்லோரும் 'மோடம்' என்றுதான் சொல்கிறோம்), அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இன்டர்நெட் ஒயர் செருகும் ஓட்டைகளுக்குப் பக்கத்தில், அவற்றைவிடச் சற்றுச் சின்னதாக ஒன்று இருக்கும். 'டெல்', 'போன்' அல்லது 'பாட்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பழைய போனின் பின் அதில் அப்படியே பொருந்தும். பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் மூன்றிலுமே பிராட்பேண்டோடு லேண்ட்லைன் பேசும் வசதி கிடைக்கிறது. டயல் டோன் வரவில்லை என்றால் போனைக் குறை சொல்வதற்கு முன், உங்கள் கணக்கில் வாய்ஸ் சேவையைத் திறந்துவிட்டார்களா என்று கேளுங்கள். பழைய பிராட்பேண்டுக்காக மாட்டியிருந்த ஸ்பிளிட்டர் டப்பாவுக்கு இனி வேலை இல்லை, கழற்றிவிடலாம். வீட்டுக்குள் ஓடும் பழைய போன் ஒயரையே பயன்படுத்த நினைத்தால், வெளியிலிருந்து வரும் செப்பு இணைப்பை முதலில் துண்டிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மோடமே பழுதாகலாம்.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளசுகள் கேட்பார்கள். டெல்டாவின் பழைய வீடுகளுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தால் பதில் கிடைக்கும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ரயில்பெட்டி போல நீளும் வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். செல்போனுக்கு நடுக்கூடத்தில் சிக்னல் கிடைப்பதே பாடு. எழுபது வயதுக்காரர் ஒருவர் கொல்லையிலிருந்து வாசல் அறைக்கு ஓடி வருவதற்குள் மணி நின்றுவிடும். ஓடி வருவதில் வழுக்கி விழுந்தால் அது வேறு சங்கடம். கையோடு எடுத்துப்போக ஒரு கார்டுலெஸ், விரலுக்கு அடங்குகிற பெரிய பட்டன்கள். அவர்களுக்குத் தேவை அவ்வளவுதான்.

இந்த வீடுகளில் மோடம் பெரும்பாலும் வாசல் பக்கமே இருக்கும். கார்டுலெஸ்ஸின் பேஸையும் அங்கேயே வைத்தால் கொல்லைவரை எட்டாது. ஃபைபர் ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதை மடக்கி வளைத்து உள்ளே இழுக்க முடியாது. போன் ஒயரை இழுக்கலாம். மோடத்திலிருந்து சாதாரண போன் ஒயரைக் கூடம்வரை நீட்டி, வீட்டின் நடுவில் பேஸை வையுங்கள். ரிப்பீட்டர் வாங்கும் காசு மிச்சம்.

பேட்டரிதான் பாதி நோய்

பரணில் கிடக்கும் கார்டுலெஸ் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியை. பெரும்பாலான மாடல்களில் இருப்பது ரிமோட்டில் போடுவது போன்ற இரண்டு சின்ன செல்கள்தான். ஆனால், அவை நிக்கல் வகை ரீசார்ஜபிள் செல்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்கு ஜோடியாகக் கிடைக்கும். அவசரத்துக்கு ரிமோட் செல்லைப் போட்டு சார்ஜில் வைத்துவிடாதீர்கள். அது ரீசார்ஜ் ஆகிற சாமான் இல்லை; சூடாகிக் கசியும், வெடிக்கவும் செய்யலாம். இன்னும் பழைய மாடல்களில் ஒயர் வைத்த மூன்று செல் பேக் இருக்கும். அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், அதே வோல்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

புதுசு வாங்கும்போதும் இதே பேட்டரிதான் ஏமாற்றும். லேண்ட்லைன் போன்கள் முன்போல வேகமாக விற்பதில்லை. தள்ளுபடியில் வருவது கடையில் வருஷக்கணக்கில் தூங்கிய ஸ்டாக்காக இருக்கலாம். அட்டைப்பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் பழையது என்றால் உள்ளே இருக்கும் செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். புது செல்லின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பேரம் பேசலாம். கூடத்துக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று என்று வேண்டுமானால், இரண்டு கைபேசி சேர்ந்து வரும் 'ட்வின்' பெட்டியைக் கேளுங்கள். இரண்டாவதற்குத் தனி லைன் தேவையில்லை, பிளக் பாயின்ட் போதும்.

'ஐ.பி. போன்' என்று எழுதிய கார்டுலெஸ் ஒன்று அதிக விலையில் கண்ணில் படும். ஆபீஸ்களுக்கானது அது, வீட்டு லைனுக்கு வேண்டாம். சிம் கார்டு போடும் மேஜை போன் இன்னொன்று; பார்க்க லேண்ட்லைன் மாதிரியே இருக்கும், ஆனால் அது செல்போன். 2ஜி மாடலாக இருந்தால் ஜியோ சிம் அதில் வேலையே செய்யாது.

அமெரிக்கா போன் ஆகாது

பெட்டியில் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் விற்ற பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் புழங்குவது அதே பாதையில்தான். பேசும்போது கரகரவென்றால் பேஸை மோடத்திலிருந்து சில அடி தள்ளி வையுங்கள், மோடத்தில் வசதி இருந்தால் செல்போன், டிவியை எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். 'டெக்ட்' என்ற வகை போனில் இந்த இடிபாடு இல்லை. ஐரோப்பாவில் அது 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ்வரை இயங்குகிறது. இந்த டெக்ட் தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, இதை அடிப்படையாக வைத்து 1990-களில் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா போன் அமைப்பை உருவாக்கியது. மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு இன்டர்நெட் போனது அதன் வழியாகத்தான்.

சிக்கல், அமெரிக்காவிலிருந்து வரும் மகனோ மருமகளோ பாசத்தோடு வாங்கி வரும் 'டெக்ட் 6.0' போனில் இருக்கிறது. அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ்வரை பேசும். இந்தியாவில் அந்தப் பகுதி செல்போன் நிறுவனங்களுக்குரியது. வீட்டுக்குள் பேசுகிறோம் என்று நினைத்து, பக்கத்து செல்போன் கோபுரத்துக்கு இடைஞ்சல் கொடுத்துக்கொண்டிருப்போம். சட்டப்படியும் கூடாது. போதாக்குறைக்கு அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். 'சீப்பா கிடைச்சுது' என்று அதை வாங்கிவரச் சொல்ல வேண்டாம்.

கரன்ட் போனால்?

செப்புக் கம்பி காலத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே போனுக்கு மின்சாரம் வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும். ஃபைபரில் அது கிடையாது. மோடத்துக்குக் கரன்ட் வேண்டும், கார்டுலெஸ் பேஸுக்கும் வேண்டும். 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிய சீர்காழிக்காரர்களுக்கு, அப்படிப்பட்ட ராத்திரியில் போன் எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில்கூட மோடம் செருகிய பிளக், இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் கொடுத்திருப்பார்கள். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த ஒரு பிளக்கை மாற்றுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மோடத்துக்கென்றே மினி யு.பி.எஸ். வருகிறது. மோடத்தின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் (பெரும்பாலும் 12), ஆம்பியரும் பார்த்துப் பொருத்தமாக வாங்க வேண்டும். அதோடு, பழைய ஒயர் போன் ஒன்றையும் அதே லைனில் பக்கத்தில் மாட்டி வையுங்கள். கார்டுலெஸ் பேஸ் அணைந்தாலும் மோடம் உயிரோடு இருந்தால் இதில் பேசலாம். 108-க்கோ 112-க்கோ அழைக்க அது போதும். புயலில் கம்பமே சாய்ந்துவிட்டால் எதுவும் செய்வதற்கில்லை. சார்ஜ் போட்ட செல்போன் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

நம்பர் விஷயம்தான் பலருக்குத் தெரியாமல் போகிறது. பி.எஸ்.என்.எல். செப்பு இணைப்பை பி.எஸ்.என்.எல். ஃபைபராக மாற்றும்போது பழைய நம்பரையே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால், மனு கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும். வேறு கம்பெனிக்குப் போனால் அது நடக்காது. செல்போனுக்கு இருப்பதுபோல நம்பரோடு மாறும் வசதி இந்தியாவில் லேண்ட்லைனுக்கு இல்லை. இணைப்பை சரண்டர் செய்துவிட்டால், முப்பது வருடமாக உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த நம்பர் போனது போனதுதான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, செல்லிலிருந்து வீட்டு நம்பருக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். மணி அடிக்கிறதா, எந்த போனில் அடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். கார்டுலெஸ்ஸில் பிள்ளைகளின் செல் நம்பர்களைப் பதிந்து கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க மறக்காதீர்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அப்படித்தான் டயல் செய்ய வேண்டும். பரணிலிருந்து இறங்கும் போனில் பழையபடி பத்து இலக்கம் மட்டும்தான் இருக்கும்.